வேகம் வேண்டுமா, விழி வேண்டுமா?

பெயிண்ட்பால் என்னும் விளையாட்டு நம் மாணவர் உள்ளத்தைக் கவர்ந்து வருகிறது. காற்றின் அழுத்தத்தால் வண்ணப் பந்துகளை வீசும் மார்க்கர் என்னும் கருவியே இதன் உயிர். அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துத் தோப்புகளைக் காணும்போது, ஓடி ஒளிந்து ஆட இளம் உள்ளம் துடிப்பது இயல்பே. ஆடட்டும், மகிழட்டும்! ஆனால், மார்க்கரைத் தேர்ந்தெடுக்கையில் நண்பர்கள் கேட்பதென்ன? "போர்த் துப்பாக்கி போல் இருக்கிறதா? நொடிக்கு எத்தனை பந்து பாயும்?" இவையா கேள்விகள்?

காட்டு மரங்களுக்கும் மந்தை மாடுகளுக்கும் எட்ட நின்று அடையாளமிட அமெரிக்காவில் உருவான கருவி இது. 1981 ஜூன் 27-ஆம் நாள், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்னும் ஊரில் பன்னிருவர் கூடி முதல் ஆட்டம் ஆடினர். வென்றவர், காடறிந்த ரிச்சி ஒயிட். ஒரு பந்தும் சுடாமலே வென்றார்! வெற்றி வேகத்தில் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வேகத்திற்கு வரம்பு உண்டு. நொடிக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீட்டர்; இதனை மீறலாகாது. மூன்று கிராம் பந்து அவ்வேகத்தில் 12 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலைச் சுமக்கிறது. வேகம் 350 அடியானால் ஆற்றல் 36 விழுக்காடு பெருகும்.

இங்கேதான் நம் மண்ணின் வெப்பம் குறுக்கிடுகிறது. பல மார்க்கர்கள் கரியமில வாயுவால் இயங்குபவை. 20 பாகை வெப்பத்தில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 57 மடங்கு. 31 பாகையைத் தாண்டினால் அவ்வாயு திரவமாக நிற்பதே இல்லை. நிறைந்த உருளையில் அழுத்தம் விரைந்து ஏறும். குளிர்நாட்டில் அடங்கியிருந்த கருவி நம் பங்குனி வெயிலில் அடங்குமா? ஆகவே, அழுத்தத்தைச் சீராக்கும் கட்டுப்படுத்தியோடு கூடிய, அழுத்தக் காற்றால் இயங்கும் மார்க்கரே நமக்கு ஏற்றது.

சோதனையும் நம் ஊருக்கேற்ப அமைய வேண்டும். ஆடும் இடத்திலேயே, உச்சி வெயிலில், அன்று ஆடவிருக்கும் பந்துகளைக் கொண்டே பத்து முறை சுடுக. ஒவ்வொரு முறையும் வேகமானி காட்டும் எண்ணைக் குறித்திடுக. சராசரி கண்டு மயங்காதீர். மிக உயர்ந்த எண்ணே தீர்ப்பு. பாய்வது சராசரியன்று, பந்து! பந்தின் தோலோ ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் உப்பிக் குழலுக்குள்ளேயே உடையும். அதையும் பார்த்துக் கொள்க.

இத்தனைக்கும் முன்னே முகக்கவசம். கவசமில்லாக் கண்ணில் பந்து பட்டால் பார்வையே பறிபோகும். வியர்வையால் கவசம் மங்கியதும் கழற்றத் தோன்றும்; அந்தக் கணமே ஆபத்து. எனவே, எளிதில் மங்காத இரட்டைத் தகட்டுக் கவசமே வேண்டும்.

"இவ்வளவுக்கும் செலவாகுமே" என்பர் சிலர். ஆகட்டும்! மார்க்கரில் ஒன்றைக் குறைத்து வேகமானி ஒன்றைக் கொள்வோம். நம் மன்றம் இவ்வாட்டத்தை நடத்துமானால், முதல் தீர்மானம் இதுவாகட்டும்: வேகமானி இல்லாக் களத்தில் நம் மாணவர் எவரும் இறங்குவதில்லை. சட்டையில் பட்ட வண்ணத்தைச் சவர்க்காரம் போக்கும். இழந்த விழியை எது மீட்கும்?