ஆய்வு வரம்பைத் திருத்துக!

எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்பை மத்திய அரசு 2025 நவம்பர் 3 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. வாழ்நாள் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் அலைகிற மாதம் அது. தேய்ந்துபோன ரேகையைக் கருவி ஏற்க மறுக்க, விரலை வேட்டியிலும் முந்தானையிலும் துடைத்துத் துடைத்து வைத்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று அவர்கள் நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொண்ட அரசு, ஊதியக் குழுவுக்குக் கொடுத்த ஆணையில் அவர்களுக்கென்று ஒரு வரியைக்கூட ஒதுக்கவில்லை. இது வன்மையான கண்டனத்துக்குரியது.

2014இல் ஏழாவது குழுவுக்கு வகுத்த ஆய்வு வரம்பில், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத் திருத்தமும் ஆராயப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இந்த முறை அது இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வராத ஊழியர்களின் பணிக்கொடையையும் ஓய்வூதியத்தையும் பரிசீலிக்கலாம் என்று மட்டும் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அதற்கும் ஒரு கடிவாளம்: பங்களிப்பு இல்லாத ஓய்வூதியத் திட்டங்களால் வரும், நிதி திரட்டி வைக்கப்படாத செலவைக் கருத்தில் கொண்டே பரிசீலிக்க வேண்டுமாம். சுமார் 69 லட்சம் ஓய்வூதியர்களின் ஓய்வூதியம் திருத்தப்படுமா, படாதா என்பதற்கு ஆணைக்குள் பதிலில்லை.

நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, ஊதியம், படிகள், ஓய்வூதியம் எல்லாவற்றையும் பற்றிக் குழு பரிந்துரைக்கும் என்று நிதித்துறை இணையமைச்சர் பதில் தந்திருக்கிறார். நல்லது. அதைத்தான் எழுதிக் கொடுங்கள் என்கிறோம். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான குழு வேலை செய்யப்போவது அறிவிக்கையை வைத்து. அமைச்சரின் பதிலை வைத்து அல்ல.

ஓய்வூதியர்கள் வீணாக மிரள்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச்சில் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை. நிதி மசோதாவோடு சேர்த்து, ஓய்வூதிய விதிகளைச் செல்லுபடியாக்கும் ஒரு பகுதியையும் அரசு நிறைவேற்றிக்கொண்டது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களைப் பிரிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, அதுவும் 1972 ஜூன் 1 முதலே உண்டு என்கிறது அந்தச் சட்டம். இப்போது கிடைக்கும் பலன் எதுவும் குறையாது என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் உறுதி கூறினார். குறைக்கும் எண்ணம் இல்லையென்றால் பிரிக்கும் அதிகாரம் எதற்கு? மார்ச்சில் அதிகாரம், நவம்பரில் மௌனம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 1982லேயே நிராகரித்துவிட்டது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய கணக்கீட்டு முறை கிடையாது என்று அன்றைய அரசு கோடு கிழித்தபோது, டி.எஸ். நகரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி வழக்குத் தொடுத்தார். ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல, செய்த வேலைக்கான உரிமை என்றது ஐவர் அமர்வு. தேதியைக் காட்டி ஒரே இனத்தாரை இரண்டாக்குவது சமத்துவத்துக்கு எதிரானது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த டிசம்பர் 17ஐத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்த ஆண்டு எந்த முகத்தோடு வாழ்த்துச் சொல்லப்போகிறது அரசு?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நிதி மசோதா மக்களவையில் நிறைவேறியது மார்ச் 25. அதற்கு முதல் நாள்தான் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாத ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு வழங்கினார்கள். பல்லாண்டுகளுக்கு முன் பதவி இழந்தவருக்கும் உண்டு. யாரும் ஒரு பைசா பங்களிப்புச் செலுத்தியதில்லை. அந்தச் செலவுக்கு எந்தக் குழுவும் கடிவாளம் போடவில்லை.

நிதி திரட்டி வைக்கப்படாத செலவு என்று குறைகூறுவதுதான் நம்மை மேலும் சினம் கொள்ளச் செய்கிறது. திரட்டி வைக்காதது யார்? 1987 மே மாத ஆணைப்படி, பங்களிப்பு வருங்கால வைப்பு நிதியில் இருந்தவர்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நீங்கலாக, ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் கணக்கில் அரசு செலுத்தியிருந்த பங்கை வட்டியோடு அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தைத் தனி நிதியாக வைத்து வளர்க்க யாரும் தடை போடவில்லை. எடுத்ததைச் செலவழித்துவிட்டு, இன்று எண்பது வயதுக்காரரைப் பார்த்து உனக்கென்று நிதியே இல்லை என்பது என்ன நியாயம்?

செலவுக் கணக்கு பேசுகிறவர்கள், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாகப் பெறும் கம்யூடேஷன் கணக்கையும் பேசட்டும். 60 வயதில் 30,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியத்தோடு வெளியே வருபவர், அதில் 40 சதவீதத்தை, அதாவது 12,000 ரூபாயை, விட்டுக்கொடுத்தால் கையில் கிடைப்பது சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அது அன்றே போய்விடும். பதிலுக்கு மாதம் 12,000 வீதம் 15 ஆண்டுகள் பிடிக்கிறார்கள். மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம். இந்த அட்டவணை 2008இல் 8 சதவீத வட்டியை வைத்துப் போட்டது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு அரசு இப்போது தரும் 7.1 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், அசலும் வட்டியும் பன்னிரண்டேகால் ஆண்டு வாக்கில் அடைந்துவிடும். இடையில் இறந்தவரின் குடும்பத்திடம் பாக்கியை வசூலிப்பதில்லை என்பது உண்மைதான். அந்த இழப்புக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். அதற்கு இரண்டே முக்கால் ஆண்டா? ஐந்தாவது ஊதியக் குழு 12 ஆண்டு போதும் என்றது. கேரளத்தில் 12 ஆண்டில் முழு ஓய்வூதியமும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மத்திய அரசோ அசையவில்லை.

கொரோனாவைக் காட்டி 18 மாத அகவிலைப்படியையும் அகவிலை நிவாரணத்தையும் நிறுத்தி 34,402 கோடி ரூபாய் மிச்சம் பிடித்ததும் இதே ஓய்வூதியர்களிடமும் ஊழியர்களிடமும்தான். அது இன்றுவரை திரும்பவில்லை. இனித் தர முடியாது என்றும் கைவிரித்தாகிவிட்டது.

குழுவுக்குத் தரப்பட்டிருக்கும் அவகாசம் 18 மாதங்கள். பரிந்துரை எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்பதையும் பிறகு முடிவு செய்வோம் என்கிறது அரசு. காத்திருப்பவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே ஆண்டு முடிவதற்குள் திருத்த அறிவிக்கை வெளிவர வேண்டும். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள், குடும்ப ஓய்வூதியம் பெறுபவர்கள் அனைவரின் ஓய்வூதியத் திருத்தமும் குழுவின் பணி என்று அதில் பெயர் சொல்லி எழுத வேண்டும். நிதி திரட்டாத செலவு பற்றிய வாசகத்தை நீக்க வேண்டும். கம்யூடேஷன் பிடித்தக் காலத்தைக் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும். 2026 ஜனவரி 1 என்ற அமலாக்கத் தேதியைக் குறிப்பிட வேண்டும். ஓய்வூதியர்களைத் தேதி வாரியாகப் பிரிக்கும் சட்டப் பகுதியை, பிப்ரவரியில் வரும் நிதி மசோதாவிலேயே நிதியமைச்சர் திரும்பப் பெற வேண்டும்.