மோட்டார்க் காரின் மூக்கு

மோட்டார்க் காருக்கும் மூக்கு உண்டு என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் அது உண்மையே. மனிதனைப் போலவே யந்திரமும் மூச்சு விட்டே உயிர் வாழ்கிறது. பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். அக்காற்று ஏதேனும் ஒரு துவாரத்தின் வழியாகவே உள்ளே சென்றாக வேண்டும். அத்துவாரம் உயரத்தில் இருக்கும்வரை கவலையில்லை. அது தரைக்கு அருகே இறங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை நான் ஒரு பெரும் நஷ்டத்தின் வாயிலாகவே அறிந்தேன். நஷ்டப்பட்டவன் என் மாணவன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இவ்வாரம் அதனை எழுதத் துணிந்தேன்.

கொட்டகலையை அடுத்த ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாயின் மகன் அவன். படிப்பு முடிந்ததும், லீசிங்கில் ஒரு பழைய ஜப்பானியக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட அவ்வாண்டுகளில் பழைய காரின் விலையும் உதிரிப் பாகங்களின் விலையும் எங்கே போய் நின்றன என்பதை நாம் அறிவோம். அவன் குடும்பத்துக்கு அந்தக் கார்தான் காணி, நகை, வங்கிக் கணக்கு எல்லாம்.

"கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, சேர்" என்று அவன் அடிக்கடி குறைப்படுவான். அக்குறையில் நியாயம் உண்டு. கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் காற்றுக் குறைந்தால் யந்திரத்தின் வலுவும் குறையும்.

இதற்கு மருந்தென்று கடைக்காரர் ஒருவர் அவனுக்கு விற்றது, கண்ணாடி போல் மினுங்கும் ஓர் அலுமினியக் குழாய். அதன் நுனியில் கூம்பு வடிவமான எயார் பில்டர். கார் செய்தவர்கள் பொனட்டுக்குள் வைத்திருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இக்குழாயைப் பொருத்தி, அதன் வாயை முன் பம்பருக்குப் பின்னே கீழ்நோக்கி இறக்கியிருந்தார்கள். யந்திரத்தின் சூடு படாத இடத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டும் என்பது நோக்கம்.

நோக்கத்தில் பிழையில்லை. குளிர்ந்த காற்று செறிவானது. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் காற்றின் செறிவு நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். ஆனால் நம் மலைநாட்டில் காற்று ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறது! மேலும், இக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கறுப்புப் பெட்டியும் ரேடியேட்டருக்கு மேலே, முன்புறத்தில் இருந்து வெளிக்காற்றையே இழுக்கிறது. ஆகவே கிடைக்கும் இலாபம் சொற்பம். கூடுவது சத்தம். சத்தம் கூடியதைக் காது வலுவென்று எண்ணிக்கொள்கிறது. என் மாணவனும் அப்படியே எண்ணி மகிழ்ந்தான். நானும் அதைக் கேட்டுத் தலையசைத்தேன்.

இழந்தது என்னவென்று இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. பழைய பெட்டியின் வாய் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. வழி தவறி வரும் நீர் வடிந்து போவதற்கு அதன் அடியில் சிறு துவாரமும் இருந்தது. புதிய குழாயின் வாயோ தரையிலிருந்து ஒரு முழங்கூட இல்லை.

மலைநாட்டில் வாழும் நமக்கு மழை பழக்கம். வெள்ளம் அவ்வளவு பழக்கமன்று. இங்கே பெய்யும் மழை பெரும்பாலும் சரிவில் ஓடிவிடுகிறது. அட்டனுக்கு மேற்கே பெய்வது கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலியா ஓயாவிலும் இறங்கி, களனி கங்கையாகி, தாழ்நிலத்திலே போய்ப் பரந்து நிற்கிறது. நாம் வழியனுப்பி வைத்த மழையை அங்கேதான் மீண்டும் சந்திக்கிறோம்.

ஒரு வைகாசி மாதத்து இரவு, கொழும்பிலிருந்து அவனுடைய காரில் நான் திரும்பிக்கொண்டிருந்தேன். அவிசாவளையைக் கடந்து, கங்கையை ஒட்டிய ஒரு தாழ்ந்த இடத்தில் வீதியின் மேல் நீர் நின்றது. சில்லின் பாதியளவுக்குக் குறைவே இருக்கும். மற்ற வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நாமும் மெல்லப் போனோம். அப்போது எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தது. அது தள்ளிவிட்ட அலை நமது பம்பரின் மேல் ஏறியது. கார் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

அவன் சாவியில் வைத்த கையை எடுத்துவிட்டான். "தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று பயமாயிருக்கிறது, சேர். இறங்கித் தள்ளிக்கொண்டு போவோமா?" என்றான். மறுநாட் காலையில் எனக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்தது. மழையோ விடுவதாக இல்லை. "இன்னொரு முறை முயன்று பார், தம்பி. சூடு ஆறுமுன் பிடித்துக்கொள்ளும்" என்று நான் சொன்னேன். யந்திரத்தைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. ஆயினும் ஆசிரியர் சொல் அல்லவா? அவன் சாவியைத் திருப்பினான். யந்திரம் பிடித்தது, ஒரு கணம் உறுமியது, பின்பு சம்மட்டியால் பட்டறைக் கல்லில் அடித்தது போன்ற ஓர் ஓசை. அதற்குப் பின் அது அசையவேயில்லை.

நடந்தது இதுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளிழுக்கிறது; மேலே ஏறும்போது அதனைப் பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. 1,500 சிசி கொண்ட, நான்கு சிலிண்டர் பெற்றோல் யந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 42 மில்லிலீற்றர்தான். மூன்று மேசைக்கரண்டி அளவுகூட இல்லை. அதற்கு மேற்பட்ட நீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் பாறையில் மோதியது போல் நின்றுவிடும். பின்னால் இருந்து தள்ளும் விசை நிற்பதில்லை. ஆகவே பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைகிறது, அல்லது ஒடிகிறது. டீசல் யந்திரம் காற்றை இன்னும் அதிகமாக நசுக்குவதால் அங்கே மிஞ்சும் இடம் இதைவிடக் குறைவு; அபாயம் அதிகம்.

கராஜில் பிரித்துப் பார்த்தபோது இரண்டு தண்டுகள் வளைந்திருந்தன. மூன்றாவது ஒடிந்து, யந்திரத்தின் பக்கச் சுவரையே துளைத்திருந்தது. "நின்றவுடன் அப்படியே விட்டிருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிக் கொடுத்திருப்பேன். யார் திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார் பாஸ். என் மாணவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இது நம் இருவருக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 2015 டிசம்பரில் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. நீர் வடிந்த பின் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், கட்டி இழுத்தே கொண்டுவாருங்கள் என்று கார் நிறுவனங்கள் வேண்டிக்கொண்டன. அந்நாட்டில் இவ்விதச் சேதத்தைச் சாதாரணக் காப்புறுதி ஏற்பது அரிது. யந்திரப் பாதுகாப்புக்கென்று தனிச் சேர்க்கையே விற்கப்படுகிறது. நம் நாட்டில் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையும் களனிக் கரையையும் என்ன பாடுபடுத்தியது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனிமேல் பெருமழை வராது என்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆகவே, கார் வைத்திருக்கும் அன்பர்கள் பொனட்டைத் திறந்து, காற்றுக் குழாயின் வாய் எங்கே இருக்கிறதென்று ஒரு முறை பாருங்கள். பழைய கார் வாங்குவோர் இதனை முதலில் பார்க்க வேண்டும்; முந்திய சொந்தக்காரர் மாற்றியிருக்கலாம். மழைத் துளி விழுவதால் எந்த யந்திரமும் கெடுவதில்லை; குழாயின் வாய் நீருக்குள் மூழ்குவதே கேடு. நீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். எதிரே கனரக வண்டி வந்தால் அது கடந்து, அலை அடங்கும்வரை வெளியிலேயே நில்லுங்கள். நீருக்குள் யந்திரம் நின்றுவிட்டால் சாவியைத் தொடவே வேண்டாம். வெள்ளம் ஏறுகிற இடமானால் வண்டியை விட்டு மேட்டுக்குப் போங்கள். மாற்றம் செய்த வண்டியானால் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பத்திரத்தின் சிறிய எழுத்தையும் வாசியுங்கள்.

வேறொரு யந்திரம் தேடிப் பொருத்தும்வரை மூன்று மாதம் அந்தக் கார் ஓடவில்லை. லீசிங் தவணை மட்டும் ஓடியது. அவன் வீட்டுக்கு நானே சென்று, சாவியைத் திருப்பச் சொன்னவன் நான்தான் என்று தாயாரிடம் சொன்னேன். "மாஸ்டர் நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பீங்க" என்றார் அவர். அந்தச் சொல் எனக்கு ஆறுதல் தரவில்லை. தவணையில் பாதியை நான் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று சொல்லி, அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாட்கள் ஆயின.

இப்போது அவன் காரில் மறுபடியும் கறுப்புப் பெட்டிதான் இருக்கிறது. நானும் அதில் பிரயாணம் செய்வதுண்டு. மழை வந்து அவன் வேகத்தைக் குறைத்தால், எவ்வளவு அவசரமானாலும் நான் வாய் திறப்பதில்லை. கையில் சாவி வைத்திருப்பவன் தயங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படித்தவர் மௌனமாயிருப்பதே அவர் செய்யக்கூடிய பேருதவி.