பிள்ளைக்குப் பூச்சி கடித்து வீங்கினால்



மழை தொடங்கிவிட்டது. இனி இரண்டு மாதத்துக்கு நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் வீங்கிய கால், மூடிப்போன கண், தடித்த கை என்று படங்கள் வரும். "என்னமோ கடிச்சிருக்கு, என்ன போடலாம்?" என்று கேட்பீர்கள். அரை மணி நேரத்தில் பத்து வைத்தியம் வந்து நிற்கும். ஒருவர் சுண்ணாம்பு என்பார், இன்னொருவர் புகையிலையைக் கசக்கி வை என்பார். பற்பசை, கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் போகும். துபாயில் இருக்கும் தம்பி ஒரு டியூபின் பெயரை எழுதுவான். "கடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஒரு கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. பூச்சி கடித்த முதல் ஒரு மணி நேரத்தில் கண்டதையும் செய்கிறோம். அடுத்த மூன்று நாள் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. என் கருத்து இவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை. ஆனால் 34 வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் நின்றவள். பிள்ளைகளின் நோட்டைப் பார்த்த அளவுக்கு அவர்கள் கையையும் காலையும் பார்த்திருக்கிறேன். டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். கடித்த இடம் வீங்கினால் அது ஒரு கணக்கு. கடிக்காத இடத்தில் ஏதாவது நடந்தால் அது வேறு கணக்கு. தேனீ கொட்டியது காலில், ஆனால் உதடும் நாக்கும் தடிக்கிறது, உடம்பெல்லாம் தடிப்பு எழும்புகிறது, மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, வாந்தி எடுத்துத் துவண்டு போகிறது என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் கிடக்கும் அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வைத்தே கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். கதண்டு கூட்டமாகக் கொட்டினாலும் இதே அவசரம்தான். அலர்ஜியே இல்லாத பிள்ளையாக இருந்தாலும் அத்தனை விஷத்தைச் சின்ன உடம்பு தாங்காது.

இனி சாதாரண வீக்கம். நூற்றுக்குத் தொண்ணூறு படங்கள் இந்த வகைதான். கொசுவோ எறும்போ குளவியோ தோலுக்குள் விட்ட எச்சிலுக்கும் விஷத்துக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அந்த வீக்கம். அது கடித்த உடனே உச்சத்துக்குப் போய்விடாது. முதல் நாளைவிட இரண்டாம் நாள் பெரிதாகத் தெரியும். 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை ஏறி, பிறகு மெல்ல வடியும். முழுக்க வடிய ஒரு வாரம்கூட ஆகலாம். இமை, காது, புறங்கால் போன்ற இடங்களில் இன்னும் அதிகமாக வீங்கும். இமையில் ஒரே ஒரு கொசு கடித்தாலும் காலையில் கண் திறக்காது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். இரண்டாம் நாள் பெரிதாகிவிட்டதே என்று அன்றைக்கே ஆன்டிபயாடிக் கேட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அந்த இரண்டு நாள் வீக்கத்துக்கு அந்த மருந்தால் ஒரு பயனும் கிடையாது.

அப்படியானால் சீழ் வைக்கப் போகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். தடித்துச் சூடாக இருக்கும் இடத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். (சிவப்புப் பேனா வேண்டாம், நீலம் எடுங்கள். சிவப்பில் வட்டம் போட்டுப் பழகிய நானே சொல்கிறேன்.) மறுநாள் கோட்டுக்குள் இருக்கிறதா, கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். இரண்டு நாள் கழிந்த பிறகும் தாண்டிக்கொண்டே போனால், அரிப்பு குறைந்து வலி கூடினால், தொட்டால் கொதித்தால், சீழ் தெரிந்தால், காய்ச்சல் வந்தால், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினால், அங்கிருந்து மேல்நோக்கி ஒரு கோடு ஓடினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ நாள் கணக்கெல்லாம் பார்க்கவே வேண்டாம். கைக்குழந்தை என்றாலும் அப்படித்தான்.

இன்னொன்று. புத்தகத்திலும் செல்போனிலும் "சிவந்து காணப்படும்" என்றுதான் போட்டிருக்கும். நம் பிள்ளைகளில் பலர் நல்ல கறுப்பு. அந்தத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருத்தோ ஊதாவாகவோதான் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். இரண்டு காலையும் ஒன்றாகத் தடவிப் பார்த்தால் எது கெட்டியாக இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

வீட்டில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், எடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வையுங்கள். வெறும் ஐஸைத் தோலில் அழுத்தினால் அதுவே சுட்டுவிடும். ஐஸ் இல்லாத வீட்டில் ஈரத்துணி போதும். வீங்கிய காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். கொலுசு, காப்பு, மோதிரம், வளையல், கண்ணேறு படாமல் இருக்கக் கட்டிய கறுப்புக் கயிறு எதுவாக இருந்தாலும் வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கயிற்றை அறுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். வீங்கின பிறகு அதை அறுப்பதற்குள் பிள்ளை படும் பாடு பெரும்பாடு.

தேனீ மட்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகும். குளவியும் கதண்டும் பெரும்பாலும் விடாது. கொடுக்கை நகத்தால் கிள்ளக் கூடாது, அட்டையால்தான் வழிக்க வேண்டும் என்றெல்லாம் முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதுதான் முக்கியம் என்று காட்டிவிட்டது. அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காமல் எடுத்து எறியுங்கள்.

அரிப்புக்குக் கலமைன் லோஷன் தடவலாம். வாய்வழி அலர்ஜி மருந்தும் வலிக்குப் பாராசிட்டமாலும் பிள்ளையின் எடைக்குத் தக்கபடி டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். அண்ணனுக்குக் கொடுத்த அளவு தங்கைக்கு ஆகாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. எல்லாவற்றையும்விட நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரவில் தூக்கத்தில் சொறிவதுதான் புண்ணுக்கு வழி.

குழுவில் வரும் பத்து வைத்தியத்துக்கு வருகிறேன். சுண்ணாம்பு தோலை அரிக்கும். பிள்ளைத் தோலை இன்னும் சீக்கிரம் அரிக்கும். மறுநாள் நீங்கள் பார்ப்பது பூச்சி செய்ததா சுண்ணாம்பு செய்ததா என்று டாக்டருக்கே குழப்பம் வரும். புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கற்பூரம் பிள்ளையின் வாய்க்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம், தடவிய கை எப்படியும் வாய்க்குத்தான் போகும். குளவி கொட்டினால் இரும்பைத் தேய்ப்பார்களே, அதில் எனக்குச் சண்டை இல்லை. சில்லென்ற இரும்பு கொஞ்சம் இதமாக இருக்கும். துருப்பிடித்த ஆணியாக இல்லாமல் கழுவிய கரண்டியாக இருக்கட்டும். அம்மாச்சி விபூதி போட்டால் அதையும் தடுக்காதீர்கள். நெற்றியில் போடட்டும், புண்ணில் வேண்டாம்.

எனக்குச் சண்டை அதிகம் மருந்துக்கடை டியூபோடுதான். "பூச்சிக்கடிக்கு ஒரு ஆயின்ட்மெண்ட்" என்று கேட்டால் சில கடைகளில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், படர்தாமரை மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்பை எடுத்து நீட்டுகிறார்கள். தடவிய மறுநாள் அரிப்பு நின்றுவிடும், அதனால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். வீரியமான ஸ்டீராய்டைப் பிள்ளை முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து நிறம் மாறும். உள்ளே கிருமி இருந்தால் அது வெளியே தெரியாமல் வளரும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு ஆணை போட்டது. ஆணை காகிதத்தில் இருக்கிறது, டியூப் நம் அலமாரியில் இருக்கிறது. போன மாதம் மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பும் அப்படித்தான். தண்ணீர் கலந்த பிறகு அது சில நாள் மருந்து; கொட்டிவிடுங்கள்.

இத்தனை சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருந்தாலும் இருப்பான். மழைக் காலத்துக் கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து இரண்டு முழங்காலுக்குக் கீழும் சிரங்கு. வீட்டில் எதையோ தடவினார்கள், அது காய்ந்தும் விட்டது. சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் முகம் உப்பி வந்தான். நல்லாத் தூங்கியிருக்கான் என்று அவன் அம்மா சொல்லிவிட்டுப் போனார். இடைவேளையில் அவனே என்னிடம் வந்து, "டீச்சர், ஒண்ணுக்கு காப்பி மாதிரி போகுது" என்றான். அன்று மத்தியானமே அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். புண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு போட்ட சண்டையில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், அவனும் தேறினான். அரைப் பரீட்சை போயிற்று, அவன் அப்பாவுக்கு ஒரு மாதக் கூலி போயிற்று. தொடக்கம் என்னவோ வெறும் கொசுக்கடிதான்.

வீங்காத கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் பாய் போட்டுப் படுக்கும் வீடுகள் இதைக் கவனித்துப் படியுங்கள். கட்டுவிரியன் இரவில் வந்து தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பல் பட்ட இடம் பூச்சிக்கடி போலத்தான் இருக்கும், சில சமயம் தடமே தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை சொருகி, பேச்சுக் குழறி, எச்சில் விழுங்க முடியாமல் தவித்தால் அது பூச்சிக்கடி அல்ல. விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். கடித்த இடத்துக்கு மேல் கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம். செருப்புக்குள் இருந்த தேள் கொட்டி, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டாலும் இதே ஓட்டம்தான். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துக் காட்டிய பிறகு செந்தேள் கடியில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

காய்ச்சலோடு வருகிற பிள்ளையின் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பார்த்துவிடுங்கள். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வலியில்லாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணியின் கடி. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மருந்திலேயே குணமாகிவிடும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தேனீயோ குளவியோ கொட்டி முன்பு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்திருந்தால், அதை வகுப்பு ஆசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பகலில் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பரும் அதிலே இருக்கட்டும்.