ரத்தம் எடுக்கும் முன்பே கேளுங்கள்

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் அண்ணனுக்கு வேறொரு நோய்க்காக மரபணுச் சோதனை செய்தார்கள். தேடியது அதில் இல்லை. தேடாத ஒன்று இருந்தது: இதயத் தசைப் புரதத்துக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருந்தன.

"பயலுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல இத யாரு கேட்டா?" என்று மதினி அழுதார். அவர் கோபம் நியாயமானது. சோதனைக்கு முன் யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லதென்றே நினைக்கிறேன். மதுரை, ஐதராபாத் ஆய்வாளர்களும் பங்கேற்று 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இந்தக் குறை உண்டு. சாதி, மதம் பார்த்து வருவதல்ல, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. பலர் இளமையில் நலமாகவே இருப்பார்கள், வயது ஏறும்போதுதான் இதயம் பலவீனமாகும் ஆபத்து கூடுகிறது. எக்கோ பரிசோதனையில் கண்காணிக்கலாம். நானும் எடுத்துக்கொண்டேன்.

மறைப்பதுதான் ஆபத்து. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறை பிள்ளைக்கு வந்தால் சிறுவயதிலேயே நோய் கடுமையாகலாம். பெண் வீட்டாரிடம் சொல்லத்தான் வேண்டும். அதற்கு மதினிக்கு அவகாசம் வேண்டும், பொறுமையாக விளக்க ஒரு மரபியல் ஆலோசகரும் வேண்டும்.

மருத்துவர்களே, தேடாதது தெரியவந்தால் சொல்லட்டுமா என்று ரத்தம் எடுக்கும் முன்பே தமிழில் கேளுங்கள். வேண்டாம் என்பவரின் விருப்பத்தையும் எழுதி வையுங்கள்.