பல் முளைத்தால் பாலை நிறுத்துவதா?

குழந்தைக்கு எட்டு மாதம். கீழ் ஈறில் இரண்டு பற்கள் அரிசி போல் எட்டிப் பார்க்கின்றன. தாய் மடியில் போட்டுப் பால் கொடுக்கிறாள். திடீரென்று "ஐயோ!" என்று அலறுகிறாள். பிள்ளை கடித்துவிட்டது!

"பல்தான் முளைத்துவிட்டதே, இனி என்ன பால்? வேப்பிலையை அரைத்துத் தடவு. தானாக மறந்துவிடும்" என்கிறார் மாமியார்.

பல வீடுகளில் இப்படித்தான் தாய்ப்பால் நின்றுபோகிறது. இது வேண்டாத அவசரம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு குழைந்த சோறு, பருப்பு, பழம் ஆகியவற்றுடன் 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் கூறும் யோசனை இது. முதல் பல்லோ பெரும்பாலும் 6 மாதத்தையொட்டியே முளைக்கிறது. பல்லைக் கண்டு பாலை நிறுத்தினால் பிள்ளைக்கு எவ்வளவு நஷ்டம்!

கடிப்பது ஏன்?

பாலை உறிஞ்சும்போது குழந்தையின் நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்கிறது. அப்போது கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாடும்போதும், ஈறு தினவெடுக்கும்போதும்தான் கடிக்கிறது. ஆகவே, விழுங்குவது நின்றதும் பிள்ளையை எடுத்துவிட வேண்டும்.

கடித்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. காம்பில் காயம் பெரிதாகும். சுத்தமான சுண்டு விரலை வாயோரமாக நுழைத்தால் பிடி விட்டுவிடும். அதட்டவும் வேண்டாம். மிரண்ட பிள்ளை பாலே குடிக்க மறுக்கலாம். பால் கொடுக்குமுன் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுத்தால் தினவு தணியும்.

புண்ணுக்கு என்ன வழி?

பால் கொடுத்ததும் அந்தப் பாலிலேயே இரண்டு சொட்டைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடலாம். அங்கே சோப்புப் போட வேண்டாம். வலி குறைந்த பக்கம் முதலில் கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றிப் பார்க்கலாம். வலி பொறுக்க முடியாவிட்டால், புண் ஆறும் வரை பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

டாக்டரிடம் எப்போது?

பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, தாய்க்குக் காம்பில் எரிச்சல் - இது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இருவருக்கும் மருந்து தேவை.

மார்பு சிவந்து, கட்டி தட்டிக் காய்ச்சல் வந்தால் தாமதிக்கக் கூடாது. அப்போதும் பாலை நிறுத்த வேண்டாம். பால் தேங்கினால் வீக்கம் அதிகமாகும்.

பல் படாமலே புதிதாக வலி கண்டால், தாய் மீண்டும் கருவுற்றிருக்கவும் கூடும். பரிசோதித்துக் கொள்வது நல்லது.

பாலை நிறுத்த வேண்டிய வேளையும் ஒருநாள் வரும். அதைத் தாய் முடிவு செய்யட்டும். ஒரே நாளில் நிறுத்தாமல், ஒவ்வொரு வேளையாகக் குறைக்கட்டும்.

அதுவரை, மருமகள் அலறும்போது மாமியார் தேட வேண்டியது வேப்பிலை அல்ல, ஈரத் துணி!