விற்கலாமே என்று கேட்காதீர்கள்

ஒரு பெண் குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்து மேசை விரிப்பு ஒன்றைப் பின்னி முடித்து எடுத்துக் காட்டினால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ரொம்ப நல்லா இருக்கே, விற்கலாமே?" பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காசு வராத வேலைக்கு இத்தனை நேரம் எதற்கு என்கிற கணக்கு அது. ஸ்வெட்டர் பின்னுவது, வெட்டுத்துணிகளை இணைத்து விரிப்பு தைப்பது, தலையணை உறையில் பூவேலை செய்வது, ஒயர் கூடை போடுவது என்று நம் வீடுகளில் நடக்கும் கைவேலை எதுவும் இந்தக் கணக்குக்குத் தப்புவதில்லை.

வீட்டுக் கைவேலைக்கு நம்மிடையே இரண்டு நியாயங்கள்தான் நெடுங்காலமாகச் செல்லுபடியாகி வந்தன. ஒன்று சிக்கனம்: பழைய நூல் புடவை வீணாகாமல் குழந்தைக்கு விரிப்பாகிறது. மற்றொன்று வருமானம். அண்மையில் ஆரோக்கியமும் சேர்ந்துகொண்டது. பின்னலில் ஈடுபாடுள்ள 3,545 பேரிடம் நடத்திய பன்னாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று 2013-இல் வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்கள் தாங்கள் கூடுதல் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாக அதில் தெரிவித்திருந்தார்கள். பின்னலை ஏற்கெனவே விரும்புகிறவர்களே பதில் சொன்ன கணக்கெடுப்பு என்பதால் அதை மருத்துவச் சான்றாகக் கொள்ள முடியாது. கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. பிடித்திருக்கிறது, செய்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் அது போதுமான காரணம் என்பதே என் வாதம்.

அந்த இன்பம் எதில் இருக்கிறது? வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை செய்த அன்றே அழிந்து மறுநாள் திரும்ப முளைப்பவை. துலக்கிய பாத்திரம் மறுபடி எச்சிலாகிறது. மடித்த துணி மறுபடி அழுக்காகிறது. பின்னல் அப்படியில்லை. நேற்று விட்ட இடத்திலேயே நிற்கிறது. செய்தது செய்ததாக மிஞ்சுகிறது. இன்னொன்றும் உண்டு. குழம்பில் கூடிப்போன உப்பை எடுக்க முடியாது. பின்னலில் ஒரு கண்ணி தவறினால் நூலை இழுத்து, தவறிய இடம்வரை பிரித்து, அதே நூலால் மறுபடி போடலாம். பிழைக்குத் தண்டனை இல்லாத வேலை ஒரு நாளில் எத்தனை வாய்க்கிறது? முதல் சில வரிசைகளில் கண் ஊசியைவிட்டு அகலாது. பிறகு விரல்கள் தாமே எண்ணத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்தவர்கள் நேரம் போவதை உணர்வதில்லை.

தேவைக்காகச் செய்யப்படும் கைவேலையிலும் இந்த இன்பம் எப்படியோ புகுந்துவிடுகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்தினர் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். அந்தப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு கவந்தி எனும் போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகும் தையல் அது. முடிக்கும்போது நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணித்துண்டுகளைப் பூ என்று வைக்கிறார்கள். குளிரைத் தடுக்க அந்தப் பூக்கள் துளியும் உதவா. ஆனால் அவை இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு ஆடையில்லாமல் நிற்கிறது. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோலத்தை முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் துணியின் இழைகளை எண்ணியே அவர்கள் தைக்கிறார்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளிக்கு வெறும் துணியே போதுமே என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

விற்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள கீஸ் பெண்ட் நல்ல பாடம். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர் அது. காற்று புகும் வீடுகளில் குளிரைச் சமாளிக்க, வயலில் உடுத்திக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, பெண்கள் மெத்தை விரிப்புகள் தைத்தார்கள். பட்டைகள் கோணலாக ஓடும். நிறங்கள் எதிர்பாராத இடத்தில் மாறும். 1966-இல் அந்த வட்டாரத்தில் தையல் கூட்டுறவு ஒன்று தொடங்கியது. வருமானம் வந்தது, அதனோடு தன்மதிப்பும் வந்தது. அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெருநகரக் கடைகள் கேட்டது ஒரே அளவில், ஒரே வடிவில் அமைந்த சரக்கு. கோணல் அங்கே குறையானது. பின்னர் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் கலையென்று தொங்கவிடப்பட்டவையோ, அவர்கள் தங்கள் கட்டிலுக்குத் தைத்துக்கொண்ட கோணல் விரிப்புகள்தாம்.

நம் பக்கத்திலேயே இதைவிடக் கடுமையான உதாரணம் உண்டு. ஆந்திரத்தின் நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. மணிக்கணக்கில் பின்னி, வெளிநாட்டுச் சந்தைக்குச் சரக்கு தந்த அந்தப் பெண்களை வியாபாரிகளும் அதிகாரிகளும் தொழிலாளிகளாகவே கருதவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்தார்கள். இன்பம் என்ற பெயரைச் சொல்லித்தான் உழைப்பு மறைக்கப்பட்டது. இன்று நம் ஊர்த் தெருக்களில் ஆரி வேலை வகுப்புகள் பெருகியிருக்கின்றன. கல்யாண மாதங்களில் பிளவுஸுக்கு இரவெல்லாம் கண்விழித்து மணி கோக்கிறவர்களிடம், "வீட்டிலிருந்தபடியே செய்கிறீர்கள்தானே" என்று பேரம் பேசுவதும் அதே பழைய தந்திரம்தான்.

ஆகவே இரண்டையும் பிரித்துவைப்பது அவசியம். கூலிக்குச் செய்தால் அது வேலை. மணிக்கணக்கு, கண்ணுக்கும் முதுகுக்கும் ஆகும் சேதம், நூல் செலவு எல்லாம் சேர்த்து விலை வேண்டும். தனக்காகச் செய்தால் அது அவளுடைய பொழுது. அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்பத்தை இன்பமாக மதிக்காத சமூகம், உழைப்பையும் உழைப்பாக மதிப்பதில்லை.

ஆனால் பொழுது எங்கே இருக்கிறது? 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காகக் கூலியின்றிச் செய்யும் வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். பாதி பின்னிய குழந்தைக் குல்லாய்கள் பீரோவின் அடித்தட்டில் கிடப்பதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கும் இதில் இழப்பு உண்டு. தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் அதே ஊசியை வீட்டில் கையிலெடுத்தால் அது பெண் வேலையாகிவிடுகிறது. கூலி கிடைத்தால் ஆணுக்கு, கிடைக்காவிட்டால் பெண்ணுக்கு என்று ஊசிக்கு யார் பாகப்பிரிவினை செய்தார்கள்? ஒரு காலத்தில் பள்ளிகளில் பையன்களும் தக்ளியில் நூல் நூற்றார்கள். இன்று கைவேலை வகுப்பு பாடவேளைப் பட்டியலில் கடைசி இடத்தில் நிற்கிறது. 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. பல ஆண்டுகளாக அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வந்திருக்கிறார்கள். கைகளுக்குக் கற்றுத்தருகிறவருக்கு நாம் தரும் மதிப்பு இவ்வளவுதான் என்றால், ஆணோ பெண்ணோ எந்தப் பிள்ளைக்கு ஊசி பிடிக்கும் ஆசை வரும்?

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. வாசகர் வட்டம் கூடும் கிளை நூலகங்களில் மாதம் ஒரு மாலையைப் பின்னலுக்கும் தையலுக்கும் ஒதுக்கலாம். நல்ல வெளிச்சமும் நீண்ட மேசையும் இருந்தால் போதும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவார். அங்கே பயிற்சிச் சான்றிதழோ விற்பனை இலக்கோ கடன் திட்டமோ வேண்டாம். அந்த மாலையில் வீட்டில் பிள்ளைகளையும் அடுப்பையும் அப்பாக்கள் பார்த்துக்கொள்ளட்டும்.