மரம் விற்ற பணம் வருமானமா?

ஒரு குடும்பத்துக்கு நூறு தென்னைகள் கொண்ட தோப்பொன்று சொந்தமென வைத்துக்கொள்வோம். தேங்காய் விற்று வந்த பணத்தை வருமானமென எழுதுவது முறையே. ஆனால், ஆண்டுதோறும் ஐந்து மரங்களைத் தறித்து விற்று, அப்பணத்தையும் வருமானத்திற் சேர்த்துக்கொண்டு, வரும்படி பெருகிற்றென்று குடும்பத் தலைவர் மகிழ்வாராயின் அவரை என்னென்போம்? இருபது ஆண்டுகளில் தோப்பும் இராது, வரும்படியும் இராது.

குடும்பங்கள் செய்யத் துணியாத இக்கணக்கை நாடுகள் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளன. வெட்டிய மரத்தின் விலை நாட்டின் உற்பத்தியிற் சேர்கிறது. மறைந்த காடோ அவ்வுற்பத்திக் கணக்கிற் பற்றாக எழுதப்படுவதில்லை.

இக்குறையை எண்களாற் காட்டியவர்களுள் ரொபேட் ரெப்பெற்றோ என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் குறிப்பிடத்தக்கவர். வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவகத்தின் சார்பில் அவரும் அவருடன் உழைத்தோரும் 1989இல் இந்தோனேசியாவைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 1971 முதல் 1984 வரை அந்நாட்டின் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரி 7.1 சதவீதம் வளர்ந்ததென அரசாங்கக் கணக்குகள் கூறின. காடு, மண், எண்ணெய் ஆகியவற்றின் குறைவைக் கழித்துப் பார்த்தபோது அவ்வளர்ச்சி 4 சதவீதமாகச் சுருங்கிற்று.

அதே நிறுவகம் 1991இல் மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்காவின் கணக்கையும் வெளியிட்டது. அது நமது இலங்கையிலும் சிறிய நாடு. அங்கே மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. வீழ்ந்த மரங்களிற் பல சந்தையைக் காணாமலே எரிந்தும் உக்கியும் போயின. 1970 முதல் இருபது ஆண்டுகளில் காடு, மண், மீன்வளம் ஆகியவற்றில் ஏற்பட்ட இழப்பு, 1984ஆம் ஆண்டு விலையில், 410 கோடி டொலருக்கு மேலாகும். இது அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியையும் விஞ்சிய தொகை.

இவ்விரு கணக்குகளையும் அப்படியே தராசிலிட்டு நிறுத்தல் ஆகாது. ஒன்றில் எண்ணெய் உண்டு. மற்றதில் மீன் உண்டு. ஆயினும், முதலை உண்டு அதனை வருமானமென்று கொண்டாடிய குற்றம் இரண்டிற்கும் பொது. இந்தோனேசியா மரத்தை விற்றேனும் பொருளீட்டிற்று; கொஸ்தாரிக்காவோ பெருமளவு மரத்தை வீணே இழந்தது.

பின்னர் இரு நாடுகளின் வழிகளும் பிரிந்தன. கொஸ்தாரிக்கா 1996இல் புதிய வனச் சட்டம் இயற்றியது. காடு நீரைக் காக்கிறது, கரியமில வாயுவை ஏற்கிறது, உயிரினங்களைப் பேணுகிறது, நாட்டுக்கு அழகு தருகிறது என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. 1997 முதல், காட்டைக் காக்கும் நிலச் சொந்தக்காரருக்கு, பெரும்பாலும் எரிபொருள் வரியிலிருந்து, பணம் கொடுக்கப்பட்டு வருகிறது. இன்று அந்நாட்டின் நிலத்திற் பாதிக்கு மேற்பட்ட பகுதி மீண்டும் காடாக உள்ளது.

இந்தோனேசியாவிலோ சதுப்புக் காடுகளின் நீரை வடித்துச் செம்பனை முதலிய பயிர்களை வைத்தனர். உலர்ந்த கரிமண் 2015இல் பற்றியெரிந்தது. 26 இலட்சம் ஹெக்டேர் நிலம் தீக்கிரையாயிற்று. புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடிற்று, பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டன. நட்டம் 1,610 கோடி டொலரென உலக வங்கி மதிப்பிட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஆச்சே மாகாணத்தை மீளக் கட்டிய செலவில் இது இரு மடங்கிற்கும் மேலாகும். புதிதாகக் காடழிக்க உத்தரவு வழங்குவதை 2011இல் தற்காலிகமாக நிறுத்திய அவ்வரசாங்கம், 2019இல் அத்தடையை நிரந்தரமாக்கியது.

மரத்தின் இலாபத்தைப் பெற்றவர் ஒருவர். புகையைச் சுவாசித்த குழந்தை வேறொருவர். நாட்டுக் கணக்கில் எழுதப்படாத செலவு யார் தலையிலேனும் விழுந்தே தீரும். ஆகவே, ஒரு நாடு இத்தனை சதவீதம் வளர்ந்ததென்று பத்திரிகையிற் காணும்போது, எதை விற்று வளர்ந்தது என்று கேட்க நம் மாணவர்கள் பழகிக்கொள்வார்களாக.